நள்ளி மூட்டிய தீ

பசித்தவனுக்கு உணவளிப்பது அறம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால் அளிக்கப்பட்ட உணவு யாருடையது, எவ்வழியில் வந்தது, அளித்தவனும் பெற்றவனும் அதன் பின்னர் எந்த நிலையில் நின்றனர் என்று வினவத் தொடங்கினால், அறம் பேசியோரிற் பலர் மௌனம் சாதிப்பர். இத்தகைய வினாக்கள் அரசியல்வாதிக்குரியவை, இலக்கியக்காரனுக்கு இவற்றில் என்ன அக்கறை என்று கேட்போரும் உளர். நமது பண்டை இலக்கியத்தின் பெரும் பகுதி, பசித்தவன் ஒருவன் உணவுள்ளவன் ஒருவனைத் தேடிச் சென்ற கதையே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை பசித்தோருக்கு வழிகாட்டும் நூலன்றி வேறு யாது?

இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில், வேட்டைக்காரர் தாம் சுட்ட மானின் இறைச்சியை வறியோருக்கு உணவு வழங்கும் நிலையங்களுக்கு நன்கொடையாகக் கொடுக்கும் ஏற்பாடு நடைபெற்று வருகின்றது. அந்நிலையங்களை 'உணவு வங்கி' என்று அழைக்கின்றனர். வன்னியிலும் இதனையொத்த பேச்சு எழுவதுண்டு. வயலிற் புகுந்து நெற்கதிரை உழுதுவிட்டுப் போகும் பன்றியைக் கொன்றால், அந்த இறைச்சியை ஏன் இல்லாதவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது கமக்காரரின் கேள்வி. கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, வேட்டுவன் ஈந்த ஊனைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்லியிருக்கின்றது என்று பார்ப்பது பயன் தரும்.

வன்பரணர் கண்ட வேட்டுவன்

உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்து உலகுக்களித்த புறநானூற்றில் 150ஆம் பாட்டு, வன்பரணர் என்னும் புலவர் பாடியது. நம் பாடசாலைகளில் இப்பாட்டுக் 'கொடைச் சிறப்பு' என்ற ஒரு சொற்றொடருக்குள் அடக்கப்பட்டு, பரீட்சைக்குரிய விடையாகச் சுருங்கிப் போய்விடுகின்றது. பாட்டிலே நடப்பது என்ன என்று ஊன்றி நோக்குவோம்.

கூதிர்க் காலத்துப் பருந்தின் சிறகைப் போலக் கிழிந்து தொங்கும் கந்தலை உடுத்த ஒருவன், பசித்த தன் சுற்றத்தோடு வேற்றூர் தேடிச் செல்கின்றான். நடக்கமாட்டாது ஒரு பலாமரத்தின் அடியிலே சோர்ந்து இருக்கின்றான். மான்களை வீழ்த்திய குருதி காயாத காலோடு வில்லேந்திய வேட்டுவன் ஒருவன் அங்கே வருகின்றான். அவன் முடியிலே மணி ஒளிர்கின்றது. செல்வன் என்பது தோற்றத்திலேயே தெரிகின்றது. புலவன் தொழுது எழ முற்படுகின்றான். வேட்டுவனோ கையாற் குறிப்புக் காட்டி அவனை இருக்கச் செய்கின்றான். காட்டு வழியிலே தடுமாறிப் பின்தங்கிவிட்ட தன் இளைஞர்கள் வந்து சேரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. தானே தீக்கடைந்து, கொழுத்த ஊனை விரைந்து சுட்டு, 'உன் சுற்றத்தோடு தின்னுங்கள்' என்று கொடுக்கின்றான். அவர்கள் பசி தீர உண்டு, அருவி நீரைப் பருகுகின்றனர். விடைபெறப் புகும் வேளையில், 'நாங்கள் காட்டு நாட்டார், எங்களிடம் வேறு சிறந்த அணிகலன் இல்லை' என்ற கருத்துப்படக் கூறி, மார்பில் அணிந்திருந்த ஆரத்தையும் கையிற் கிடந்த கடகத்தையும் கழற்றித் தருகின்றான். எந்த நாடு என்று கேட்டதற்கு நாட்டைச் சொல்லவில்லை. யார் என்று கேட்டதற்குப் பெயரையும் சொல்லவில்லை. அவன் தோட்டி மலைக்குரிய நள்ளி என்பதைப் புலவன் வழியிலே பிறர் சொல்லத்தான் அறிகின்றான்.

இப்பாட்டின் உயிர் எங்கே இருக்கின்றது? ஆரத்திலும் கடகத்திலும் இல்லை. பொன் கொடுத்த அரசரைப் பாடிய பாட்டுக்கள் எத்தனையோ உள. மூன்று சிறு செயல்களிலேயே இதன் உயிர் தங்கியிருக்கின்றது. முதலாவது, தொழ எழுந்தவனை இருக்கச் செய்தது. பெறுபவன் நின்றுகொண்டு கைநீட்டும் நிலையை வேட்டுவன் விரும்பவில்லை. இரண்டாவது, ஏவலாளர் வருமுன் தன் கையாலே தீமூட்டிச் சமைத்தது. பசிக்குத் தவணை சொல்ல அவன் மனம் ஒப்பவில்லை. மூன்றாவது, பெயரை மறைத்தது. கொடுத்த ஊனுக்கு விலையாகப் புகழைக்கூட அவன் பெற்றுக்கொள்ளவில்லை.

இதே புலவர் 152ஆம் பாட்டிலே வல்வில் ஓரியைப் பாடுகின்றார். ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைத்ததாம். அந்த வேட்டுவனும் தன் பெயரைச் சொல்லிப் பாடியபோது நாணினான். மான் ஊனும் மதுவும் பொன்னும் கொடுத்தான். இரு பாட்டுக்களையும் அடுத்தடுத்துப் படித்தால், காட்டு நடுவே உணவு பெற்ற அனுபவம் அப்புலவரை எவ்வளவு தூரம் பாதித்திருக்கின்றது என்பது புலனாகும். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இப்பாடல்களை வீரயுகப் பாடல்களாகக் கண்டு, பாடுநருக்கும் தலைவருக்கும் இருந்த உறவை விரிவாக ஆராய்ந்தார். வீரத்தைப் பாடும் தொழிலின் அடியிலே பசி இருந்தது என்பதை அந்த ஆராய்ச்சியின் வெளிச்சத்திலே நாம் தெளிவாகக் காண முடிகின்றது.

ஈந்தோர் பலர், பாடப்பட்டோர் சிலர்

இவ்விடத்தில் நாம் ஒரு தடையையும் எழுப்பவேண்டும். நள்ளி சாதாரண வேட்டுவனல்லன், குறுநிலத் தலைவன். அவன் முடியில் ஒளிர்ந்த மணியும் மார்பில் கிடந்த ஆரமும் யாருடைய உழைப்பால் வந்தவை? காட்டிலே வழி தவறிய அந்த இளைஞர்களும் நாள் முழுதும் வேட்டையிலே உழன்றவர்கள்தாமே? அவர்கள் வந்து சேர்ந்தபோது என்ன உண்டார்கள் என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை. புலவனின் பார்வை தலைவனோடு நின்றுவிடுகின்றது. கடையெழு வள்ளல்கள் என்று பெயர்களை மனனஞ் செய்யும் மரபும் இந்தப் பார்வையிலிருந்தே பிறந்தது. வள்ளலின் பெயர் நிலைத்தது. பசித்தோரின் எண்ணிக்கை எவருக்கும் தெரியாது.

ஆனால் நம் இலக்கியம் முழுவதும் இந்தக் குறைபாட்டிலே அமிழ்ந்துவிடவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். அதிலே எயினர் குடியிருப்பு ஒன்று வருகின்றது. வறண்ட நிலம். எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசியைச் சேர்க்கின்றனர். முற்றத்து நில உரலிற் குற்றுகின்றனர். வற்றிய கிணற்றிலே ஊறிய உவர்நீரை உலையாக வைத்துச் சமைக்கின்றனர். அந்தச் சோற்றை உலர்ந்த ஊனோடு தேக்கிலையிலே வைத்து வழிப்போக்கனாகிய பாணனுக்கும் அவன் சுற்றத்துக்கும் கொடுப்பார்கள் என்று புலவர் கூறுகின்றார். நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல் வீடுதோறும் கிடைக்குமாம். இவர்கள் எவருடைய பெயரும் பாட்டிலே இல்லை. ஆரமும் கடகமும் கொடுக்க அவர்களிடம் இல்லை. அரிசிக்கே மண்ணைக் கிளறவேண்டிய வறுமையிலும் வந்தவனுக்குப் பங்கு உண்டு என்பது அவர்களின் வழக்கம். நள்ளியின் கொடை ஒரு தலைவனின் பெருங்குணம். எயிற்றியரின் கொடை ஒரு சமூகத்தின் நியதி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்கு எடுத்துக்காட்டுவது தமிழாசிரியனின் கடமை என்று நான் கருதுகின்றேன்.

பகிர்வு நியதியாக இருந்தது என்பதற்குத் தொல்காப்பியத்திலும் சான்றுண்டு. வெட்சித் திணையின் துறைகளுள் 'பாதீடு' ஒன்று. கவர்ந்து வந்த ஆநிரையைக் கூட்டத்தார் தமக்குட் பங்கிட்டுக் கொள்வதை அது குறிக்கும். பங்கிடுதலை இலக்கணமாக வகுக்கும் அளவுக்கு அது வாழ்வின் நடைமுறையாக இருந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இன்றும் வழங்கும் 'பங்கு இறைச்சி' முறை நமக்குப் புதிதன்று. பல வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, ஈரலும் எலும்பும் கொழுப்பும் எல்லாக் கூறிலும் சமமாக விழும்படி ஓலையிற் பரப்பிப் பங்கிடுவர். பாதீட்டிலிருந்து பங்கு இறைச்சி வரை நேர்கோடு போட்டுவிட முடியாது. ஆயினும், கூறு போடும்போது ஒரு கண் குறைந்த கூறின் மீது இருக்கவேண்டும் என்ற நீதி இரண்டிலும் ஒன்றே.

தேனும் மீனும் பன்றி ஊனும்

அரசும் கோயிலும் பெருநிலவுடைமையும் வலுப்பெற்ற காலத்து இலக்கியத்திலே வேட்டுவனின் ஊன் எங்கே போகின்றது என்று காண்பது சுவையானது.

கம்பனின் குகன் இராமனுக்குத் தேனும் மீனும் கொண்டு வருகின்றான். அன்பினாற் கொண்டுவரப்பட்டவை ஆகையால் அவை தூயவை, தாம் உண்டதற்கு ஒப்பானவை என்று இராமன் இன்மொழி கூறுகின்றான். கம்பனின் பண்பாட்டு நயத்தை வியக்காமல் இருக்க முடியாது. எனினும் ஓர் உண்மையைக் கவனிக்கவேண்டும். இராமன் உண்ணவில்லை. வேடனின் அன்பு ஏற்கப்படுகின்றது, வேடனின் உணவு ஏற்கப்படவில்லை. நள்ளி சுட்ட ஊனை வன்பரணர் அமிழ்தமென உண்டார். குகன் தந்ததை இராமன் சொல்லால் உண்டான். இடையில் கழிந்த நூற்றாண்டுகளிலே சாதியும் ஆசாரமும் உணவுக்குள் புகுந்துவிட்ட செய்தியைக் கம்பன் தன்னையறியாமலே நமக்குத் தருகின்றான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் கண்ணப்பர் புராணமோ இன்னும் ஆழமான சிக்கலைக் கொண்டது. திண்ணன் பன்றியை வீழ்த்துகின்றான். தோழர் நாணனும் காடனும் உடனிருக்கின்றனர். காளத்தி மலையில் இறைவனைக் கண்ட பின்னர், திண்ணன் ஊனை வாட்டிச் சுவை பார்த்து, நல்லதை இலையிலே சேர்த்துக் கொண்டு மலையேறுகின்றான். வேடன் வாயிற் சுவைத்த ஊன் ஆகம முறைப் பூசனையிலும் மேலானது என்று நிறுவியதிலே சேக்கிழாரின் பெருமை இருக்கின்றது. அதை எந்த முற்போக்குத் திறனாய்வாளனும் மறுக்கக்கூடாது. ஆயினும் அதே காட்சியிலே தோழர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு. இவன் பெரும்பசியோடிருந்தும் தான் உண்ணவில்லை. எமக்கு உரியதைத் தரவும் நினைக்கவில்லை. இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அவர்கள் கருதுகின்றனர். உரையாசிரியர்கள் அதனைப் பக்தியை உணராத பேதையரின் பேச்சாகக் கொள்வர். நாம் வேறு விதமாகவும் படிக்கலாம். வேட்டையில் உடனுழைத்தவனுக்குப் பங்கு உண்டு என்ற பழைய நியதி கடைசியாக ஒலித்த குரல் அது. ஊன் மலையேறிவிட்டது, பசித்தவர் அடிவாரத்திலே நின்றுவிட்டனர்.

மறுபுறத்திலே மணிமேகலை நிற்கின்றது. கொல்லாமையை வலியுறுத்தும் அந்நூல், நாகர் தீவிலே சிக்கிய சாதுவன், உயிர்க்கொலையை விடுமாறு நாகர் தலைவனுக்கு உரைத்த வரலாற்றைக் கூறுகின்றது. திருக்குறளிலும் ஈகை ஓர் அதிகாரம், புலால் மறுத்தல் இன்னோர் அதிகாரம். எனவே 'தமிழ் மரபு வேட்டையை ஏற்றது' என்றோ 'மறுத்தது' என்றோ ஒருவரியில் முழங்குவது நேர்மையாகாது. ஆனால் மணிமேகலையின் தனிச் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அந்நூல் பசியை ஒரு பிணியாகக் கண்டது. அமுதசுரபியைப் பெற்றவள் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க அரசனைக் கேட்டாள். தனி ஒருவன் கருணையோடு அமையாது, அரசின் நிறுவனமே மாறவேண்டும் என்ற எண்ணம் அங்கே தோன்றிவிட்டது. அமுதசுரபி கற்பனை, சிறைக்கோட்டத்தை மாற்றக் கேட்டது அரசியல்.

உண்ணப்படாத யானைகள்

வேட்டையின் வரலாற்றிலே நம் பிரதேசம் கண்ட மிகக் கொடிய அத்தியாயம், பசித்தவர் எவரும் எழுதியதன்று. பளைக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் ஆனையிறவு இருக்கின்றது. வன்னிமைகள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளைச் செலுத்திய காலத்தை அப்பெயர் இன்றும் நினைவூட்டும். பின்னர் பிரித்தானியர் வந்தனர். அவர்களுக்கு யானை திறைப்பொருளும் அல்ல. பொழுதுபோக்காகவும் இடைஞ்சலாகவும் ஆயிற்று. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகின்றது. 1845இல் அவர் மின்னல் தாக்கி இறந்தார். எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகள் அரசு கொடுத்த வெகுமதிக்காகக் கொல்லப்பட்டன என்று பதிவு செய்தார். ஒரு தலைக்குச் சில ஷில்லிங்குகளே விலை. எந்தப் பசியும் அதனால் தீரவில்லை. எந்தப் பாணனும் அந்த வேட்டுவரைப் பாடவுமில்லை.

காட்டை அழித்தவர்களே பின்னர் காட்டுக்குச் சட்டமும் வகுத்தனர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆட்சிக் காலத்திலே பிறந்தது. எங்களுக்கு அருகிலுள்ள சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பு அவசியமானதே, மானும் மரையும் மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வேலியின் செலவை யார் சுமந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா உருவானபோது, வேடர்களின் பரம்பரை வேட்டை நிலம் அவர்களுக்கு மறுக்கப்பட்ட நிலமாயிற்று. துப்பாக்கியால் யானைக் கூட்டங்களை அழித்தவர் 'விளையாட்டு வீரர்'. உடும்புக்கு நாயை ஏவியவன் குற்றவாளி.

லெனாட் வூல்வ் 1913இல் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்ற பொருள்படும் ஆங்கில நாவல் இந்த முரண்பாட்டை நேர்மையோடு சித்திரிக்கின்றது. யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் குடியேற்ற ஆட்சியின் அதிகாரியாகப் பணியாற்றியவர் அவர். அவர் படைத்த சிலிந்து ஒரு வேட்டைக்காரன். சுற்றிலும் காடு, காட்டில் விலங்கு, ஆயினும் கிராமம் பட்டினியில் வாடுகின்றது. காரணம் கடன், சேனைப் பயிருக்கான அனுமதியைக் கையில் வைத்திருக்கும் தலைமைக்காரன், கடன் கொடுத்த வியாபாரி. சிலிந்துவின் துப்பாக்கி ஈற்றில் அவர்களை நோக்கித் திரும்புகின்றது. பசி உணவின்மையால் மாத்திரம் வருவதில்லை, உரிமையின்மையால் வருகின்றது என்ற பாடத்தை ஓர் ஏகாதிபத்திய அதிகாரியே எழுதிவைத்துப் போனார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வரலாறன்று. இங்கிலாந்திலே 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம், மன்னனின் மானைக் கொன்றதற்காக எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்கக்கூடாது என்று விதித்தது. அப்படியொரு விதி தேவைப்பட்டதென்றால், அதற்கு முன் நடந்தது யாது என்பதை ஊகிக்கலாம். 1842இல் இளைஞரான கார்ல் மார்க்ஸ், காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழையைத் திருடனாக்கும் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளை நோக்கி அவரைத் திருப்பிய நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. சுள்ளிக்கும் மானுக்கும் எழும் கேள்வி ஒன்றே: காடு யாருக்குரியது?

உணவு வங்கியும் துப்பாக்கியும்

இந்தப் பின்னணியிலே இக்கால உணவு வங்கியை நோக்குவோம். உலகின் முதல் உணவு வங்கி 1967இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் தோன்றியது. உணவு மிகுந்து குப்பையிலே கொட்டப்படும் நாட்டில், அந்த மிச்சத்தைச் சேர்த்துப் பசித்தவருக்குக் கொடுப்பது அதன் நோக்கம். 1990களிலே வேட்டைக்காரரின் மான் இறைச்சியும் அதிலே சேர்ந்தது. ஓநாய் போன்ற கொன்றுண்ணிகள் அழிக்கப்பட்டமையால் அந்நாட்டின் பல பகுதிகளில் மான் பெருகிவிட்டது. உரிமம் பெற்றுக் குறித்த பருவத்தில் வேட்டையாடுகின்றனர். இறைச்சி வெட்டும் நிலையங்கள் அதனைப் பொதி செய்து அனுப்புகின்றன. கொடுப்போரிற் பலர் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் 2008இல் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. நன்கொடையாக வந்த மான் இறைச்சியிலே கண்ணுக்குப் புலப்படாத ஈயத் துகள்கள் இருப்பதை ஒரு மருத்துவர் கண்டறிந்தார். துப்பாக்கிக் குண்டு உடலினுள் சிதறும்போது அத்துகள்கள் தசையெங்கும் பரவுகின்றன. மாநிலச் சுகாதாரத் திணைக்களம் அந்த இறைச்சியை வழங்க வேண்டாம் என்று உணவு நிலையங்களுக்கு அறிவித்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்வது. பணமுள்ளவன் கடையில் தேர்ந்தெடுத்து வாங்குகின்றான். ஏழை, கொடுத்ததை உண்கின்றான். கொடுத்த உணவைச் சோதித்துப் பார்க்கும் உரிமை பெறுபவனுக்கு இல்லாதவரை, நல்லெண்ணமும் நஞ்சாகலாம். நள்ளி தானும் உண்ணும் ஊனையே சுட்டுத் தந்தான் என்பதை இங்கே நினைவுகூர்க.

இதனிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. மிகச் செல்வம் படைத்த நாட்டிலே உழைக்கும் குடும்பம் ஏன் உணவு வங்கி வாசலில் வரிசையாக நிற்கின்றது என்ற கேள்வியை, மான் இறைச்சிப் பொதியின் மீது ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு மறைத்துவிடுகின்றது. கொடுத்தவரின் படம் பத்திரிகையில் வருகின்றது. வாங்கியவரின் கூலி ஏன் போதவில்லை என்பது வருவதில்லை. பெயர் சொல்லாத நள்ளியைப் போற்றும் நாம், இந்த விளம்பரக் கொடையை அவனோடு ஒப்பிடுவது தகாது.

வன்னிக்கு எது பொருந்தும்?

நமது நிலை என்ன? 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே கைவிடப்பட்டது. அதற்குள் விளைச்சல் வீழ்ந்தது. 2022இன் பொருளாதாரச் சரிவிலே இந்நாட்டில் 63 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பின்றி இருந்தனர் என்று ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புக்கள் மதிப்பிட்டன. போரினால் நிலமும் கால்நடையும் இழந்த வன்னிக் குடும்பங்களுக்கு அந்தச் சரிவு இரண்டாம் இடியாக விழுந்தது. அவ்வேளையில் பன்றியோ மயிலோ குரங்கோ மட்டும் பசிக்குக் காரணமென்று சொல்ல முடியுமா? 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வந்து, எதிர்ப்பினால் நின்றது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிட நேரம் நாடெங்கும் குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றைக் கமக்காரர் எண்ணிக் கணக்கெடுத்தனர். விலங்கை எண்ணியது தவறன்று, பயிரழிவு உண்மையானது, தென்னங்குரும்பை குரங்கின் கையில் உதிர்வதைப் பளையின் தோட்டக்காரர் நன்கறிவர். ஆனால் எண்ணுவதற்கு வேறும் பல உண்டு. கடனில் மூழ்கிய கமக்காரரை எண்ணவேண்டும். காலை உணவின்றி வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளை எண்ணவேண்டும்.

ஆகவே வேட்டை இறைச்சி பற்றிய கேள்விக்கு, இலக்கியம் கற்பித்த பாடத்தைக் கொண்டு விடை சொல்ல முயல்வோம். சட்டம் இடந்தரும் வகையில், பயிர் காக்கும் பொருட்டுக் கொல்லப்படும் பன்றியின் இறைச்சி மண்ணிலே புதைபடுவதைக் காட்டிலும் பசித்தவர் வாயை அடைவது நன்று. ஆனால் அது கால்நடை வைத்தியரின் சோதனைக்குப் பின், கமக்காரர் அமைப்புக்களின் பொறுப்பில், பங்கு இறைச்சியைப் போல அயலாரிடையே சமகூறாக வழங்கப்படவேண்டும். ஏழைக்கு ஒரு வரிசை, மற்றவருக்கு ஒரு சந்தை என்று பிரிக்கக்கூடாது. பன்றி இறைச்சியை உண்ணாத அயலவரும் நம்மிடையே உளர். அவர்களின் பசிக்கு வேறு உணவு உரிமையாக இருக்கவேண்டும்.

மானையும் மரையையும் 'நன்கொடை' என்ற பெயரிலே சுடுவதற்கு அனுமதி கேட்பதோ முற்றிலும் வேறு விடயம். அதனை எதிர்க்கவேண்டும். ஏழையின் பெயரால் திறக்கப்படும் அந்தக் கதவினுள் முதலில் நுழைபவன் ஏழையாக இருக்கமாட்டான். நகரத்து உணவகத்துக்கு வற்றல் அனுப்பும் வியாபாரியும் அவனுக்குத் துணைநிற்கும் செல்வாக்குள்ளவனுமே நுழைவர். காட்டுப் பாதையிலே கட்டுத்துவக்கு வைக்கும் கூலிக்காரன் பிடிபடுவான். விறகுக்குப் போனவர் அதிலே கால் இழப்பர். வேட்டையினால் காடு வெறுமையானால் நாளை நள்ளியும் இல்லை, மானும் இல்லை.

இவை இரண்டுக்கும் மேலாக, இறைச்சி நன்கொடை எதுவும் உணவுரிமைக்கு ஈடாகாது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டிலே காமராசர் காலத்திலே விரிவாக்கப்பட்ட பாடசாலை மதிய உணவும், 1982இலே தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022இலே வந்த காலை உணவுத் திட்டமும் எந்த வள்ளலின் வேட்டையையும் நம்பி நிற்கவில்லை. பொதுப் பணத்திலே, பொதுக் கடமையாக நடைபெறுகின்றன. அங்கே உண்ணும் குழந்தை எவரையும் தொழுது எழவேண்டியதில்லை. பெயர் சொல்லாத ஈகையின் இக்கால வடிவம் அதுவே.

புறநானூற்றின் 150ஆம் பாட்டை இனி வகுப்பிலே நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நள்ளியின் கொடைச் சிறப்பை விளக்குக' என்ற வினாவோடு நின்றுவிடாதீர்கள். வன்பரணரின் சுற்றம் ஏன் பசித்திருந்தது, பின்தங்கிய இளைஞர் என்ன உண்டனர், எயிற்றியரின் பெயர் ஏன் பாட்டில் இல்லை என்றும் கேளுங்கள். மாணவர் விடை தேடட்டும். தொழ எழுந்தவனை இருக்கச் சொன்ன அந்தக் கை, கொடையின் இலக்கணமாக மட்டும் அன்றி, ஒரு சமுதாயத்தின் இலக்கணமாகவும் ஆகவேண்டும். எவரும் எழுந்து தொழாது உண்ணும் சமுதாயத்தை ஆக்கும் பணி வள்ளல்களுடையதன்று, அது நம்முடையது.